பார்வையாளர் இல்லாத நாடகம்

பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, வசனத்தை மனப்பாடம் செய்து, வாடகை உடையும் ஒப்பனையும் அணிந்து மேடையேற்றப்படும் நாடகமும், வகுப்பறைக்குள் ஒரு பாடவேளையில், பார்ப்பவர் என்று ஒருவரும் இல்லாமல், இருக்கும் மாணவர் அனைவரும் பங்கேற்க நிகழும் நாடகச் செயல்பாடும் பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. முன்னதில் யார் என்ன பேச வேண்டும் என்பதை வேறொருவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பதால், மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது நினைவாற்றலும் துணிவும் மட்டுமே. பின்னதில் சூழ்நிலை மட்டுமே தரப்படுகிறது. அதற்குள் என்ன சொல்வது, எதற்காகச் சொல்வது, சொன்னால் என்ன விளையும் என்பதை மாணவரே நின்ற இடத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சிந்தனைத் திறனை வளர்ப்பது இந்த இரண்டாம் வகை என்பதும், அதிலும் நடிப்பு ஓடிக்கொண்டிருக்கும் பொழுதைக் காட்டிலும் அது நிறுத்தப்பட்டு ஒரு கேள்வி எழுப்பப்படும் பொழுதே மாணவர் மிகுதியாகச் சிந்திக்கின்றனர் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

உயர்நிலைப் பள்ளி வயதுக்கும் இத்தகைய பயிற்சிக்கும் இடையே நெருங்கிய பொருத்தம் உண்டு. ஏறத்தாழ 11, 12 வயதுக்குப் பிறகே மனிதர், கண்முன் இல்லாத ஒன்றை ‘இப்படி இருந்தால்’ என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து விளைவுகளை முறையாக வருவிக்கத் தொடங்குகின்றனர் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கருதினார். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, சிறு குழந்தையின் விளையாட்டு வளரிளம் பருவத்தில் மறைந்துபோவதில்லை, அது உள்ளே சென்று கற்பனையாக மாறிவிடுகிறது என்றும், அந்த வயதில் கற்பனையும் கருத்துருக்களைக் கொண்டு சிந்திக்கும் ஆற்றலும் ஒன்றோடொன்று கைகோத்து வளர்கின்றன என்றும் எழுதினார். நடிகருக்குப் பயிற்சி அளித்த கான்ஸ்டான்டின் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி வலியுறுத்திய மந்திரச் சொல்லும் இதே ‘இருந்தால்’தான்: தன்னை அரசனாகவே நம்பிக்கொள்ளும்படி அவர் நடிகரைக் கேட்கவில்லை, அந்த அரசனின் நிலைமையில் தான் இருந்தால் என்ன செய்திருக்கக்கூடும் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு மாணவர் அறிவியலில் கருதுகோள் அமைக்கும்போதும், வடிவியலில் ‘என்க’ என்று தொடங்கும்போதும் செய்வதும் இதுவே. ஆயினும் நம் பள்ளிகள் ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் கற்பனையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுகின்றன; அந்த ஆற்றல் கூர்மை பெறத் தொடங்கும் ஆண்டுகளிலேயே அது கைவிடப்படுவது வருந்தத்தக்கது.

நாடகத்தைக் கற்பித்தலின் கருவியாக்கும் முயற்சி புதிதன்று. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சோம்ப்டிங் என்னும் சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ஹாரியட் ஃபின்லே-ஜான்சன், வரலாறு முதல் கணக்கு வரை எல்லாப் பாடங்களையும் மாணவர் தாமே நாடகமாக்கிக் கற்ற விதத்தை 1911-இல் நூலாக வெளியிட்டார். ஆனால் இத்துறைக்கு இன்றுள்ள ஆழத்தைத் தந்தவர் டோரதி ஹீத்கோட் (1926–2011) என்றே கொள்ள வேண்டும். யார்க்ஷயரில் பிறந்து, 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி நெசவாலையில் தறி ஓட்டிய அவர், ஆலை நிர்வாகத்தின் பண உதவியுடன் நாடகப் பள்ளிக்குச் சென்றார். நாடகம் கைகொடுக்காவிட்டால் அவருடைய மூன்று தறிகள் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார்களாம். 1971-இல் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பிலும் அந்த மூன்று தறிகள் இடம்பெற்றன. பின்னர் நியூகாசிலில் பல்கலைக்கழக ஆசிரியராகி 1986-இல் ஓய்வு பெறும்வரை, ஆசிரியப் பயிற்சி மாணவர் சுற்றி அமர்ந்து பார்க்க, பள்ளிப் பிள்ளைகளோடு நேரடியாக வகுப்பு நடத்துவதையே அவர் தம் கற்பித்தல் முறையாகக் கொண்டிருந்தார்.

அவர் உருவாக்கியவற்றுள் இரண்டு உத்திகள் உயர்நிலை வகுப்புகளுக்கு மிகவும் ஏற்றவை. முதலாவது, ஆசிரியரே பாத்திரம் ஏற்பது. ஆசிரியர் வகுப்பை வெளியிலிருந்து நடத்தாமல் கதைக்குள் ஒருவராக நுழைகிறார். பெரும்பாலும் அரசராகவோ நீதிபதியாகவோ அல்லாமல், செய்தி கொண்டுவருபவராக, உதவி கேட்டு வருபவராக, பாதி மட்டுமே தெரிந்தவராக வருகிறார். விடை முழுவதும் ஆசிரியரிடம் இருக்கிறது என்ற வழக்கமான ஏற்பாடு அந்த நொடியில் தளர்ந்து, மாணவர் தெரிந்தவர்களாகவும் பொறுப்பேற்பவர்களாகவும் ஆகின்றனர். இரண்டாவது, வல்லுநர் போர்வை எனலாகும் முறை. மாணவர் ஒரு குறிப்பிட்ட தொழிலில் தேர்ந்த குழுவினராகக் கற்பனையில் ஆக்கப்படுகின்றனர்; அவர்களிடம் ஒருவர் ஒரு வேலையை ஒப்படைக்கிறார்; அந்த வேலையைச் செய்து முடிக்கப் பாடநூல் அறிவு தேவைப்படுகிறது. தேர்வுக்காகப் படிக்க வேண்டிய செய்தி, கையிலிருக்கும் வேலைக்குத் தேவையான செய்தியாகிவிடுகிறது. ஹீத்கோட்டும் அவருடைய நெடுநாள் தோழரான கவின் போல்ட்டனும் சேர்ந்து எழுதிய நூல் ஒன்று 1995-இல் இம்முறையை விரிவாக விளக்கியது.

இவ்வுத்திகள் எப்படிச் சிந்தனையைக் கிளறுகின்றன என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடத்தைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளலாம். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அப்பணியால் காவிரிக் கரையிலிருந்த ஊர்கள் நீரில் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோவிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. பாடநூலில் அணை என்பது கட்டிய ஆண்டு, கொள்ளளவு, பாசனப் பரப்பு என்ற அளவில் முடிந்துவிடும். நாடக வகுப்பில், அணை கட்டப்படும் காலத்தில் மூழ்கப்போகும் ஊர் ஒன்றைக் கணக்கெடுக்க அனுப்பப்பட்ட குழுவினராக மாணவர் ஆகின்றனர். ஊர் கற்பனையானது, அணையும் காலமும் உண்மை. எதையெல்லாம் கணக்கெடுப்பது என்று குழுக்களாகப் பேசி அவர்களே ஒரு படிவம் தயாரிக்கின்றனர். வீடு, கிணறு, மரம், நிலத்தின் பரப்பு, பட்டா எண், உரிமையாளர் பெயர் என்று கட்டங்கள் விழுகின்றன. இதுவரை நடந்ததில் நடிப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை; பெஞ்சுகளை நகர்த்தக்கூடத் தேவையில்லை.

பிறகு ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறார். “ஐயா, நெலம் எங்க பேர்ல இல்லீங்க. எங்கப்பன் காலத்துல இருந்து நாங்கதான் உழுதுட்டு வர்றோம். பட்டா பண்ணைக்காரர் பேர்ல இருக்குதுங்க. எங்களுக்கு என்னங்க கெடைக்கும்?” என்று கேட்கிறார். கணக்கெடுப்பவர்கள் தங்கள் படிவத்தைப் பார்க்கின்றனர். அவர் போல ஒருவரை எழுதிக்கொள்ள அதில் கட்டமே இல்லை. ஒருவர் “பட்டா இல்லன்னா எதுவும் கிடைக்காதுங்க” என்று சொல்லிவிடலாம். இன்னொருவர் பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதலாம் என்கலாம். மூன்றாமவர், உழுதவருக்குப் பாதி என்று புதிய விதி ஒன்றை அப்போதே இயற்றலாம். துண்டு போட்டவர் விடாமல், “அப்ப கூலிக்கு வந்த பொம்பளைங்களுக்கு?” என்று அடுத்ததைக் கேட்கிறார்.

இந்த இடத்தில் ஆசிரியர் துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில், “இவரை உங்கள் படிவத்தில் எங்கே எழுதுவீர்கள்?” என்று கேட்கும்போதுதான் வகுப்பின் உண்மையான வேலை தொடங்குகிறது. உரிமை என்பதை எப்படி வரையறுப்பது, நாம் வகுத்த பிரிவுகள் யாரை வெளியே தள்ளின, எழுத்தில் சான்று இல்லாத ஒரு கூற்றை எப்படிச் சரிபார்ப்பது, எல்லோருக்கும் தருவதென்றால் பணம் எங்கிருந்து வரும் என்ற வினாக்கள் அனைத்தும் மாணவரிடமிருந்தே எழுகின்றன. வரையறை, வகைப்பாடு, சான்று, விளைவு என்று தருக்க நூல்கள் தனித்தனி அதிகாரங்களில் பேசுபவை இவை. இவற்றை நேரடியாகப் பாடமாக நடத்தினால் கொட்டாவி விடும் வகுப்பு, ஒரு மனிதர் எதிரே வந்து நின்று பதிலுக்குக் காத்திருப்பதால் தீவிரமாக வாதிடுகிறது.

இதே பாடத்தில் வேறு சில உத்திகளுக்கும் இடமுண்டு. ஊரை விட்டுக் கிளம்பும் நாளை அசையாமல் நிற்கும் ஒரு படமாக உடலால் அமைத்துக் காட்டுவது உறைகாட்சி எனப்படும். படத்திலிருக்கும் ஒருவரின் தோளை ஆசிரியர் தொட்டதும், அந்தப் பாத்திரத்தின் மனத்தில் அப்போது ஓடும் எண்ணத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பேச நீண்ட நேரம் எடுக்கும் மாணவரும் ஒரு வாக்கியத்தைத் துணிந்து சொல்லிவிடுவதால் இது கூச்சமுள்ளோருக்கு நல்ல நுழைவாயில். வினா நாற்காலி என்பதில் பாத்திரமேற்ற ஒருவர் நடுவில் அமர, மற்றவர் அவரிடம் கேள்வி கேட்கின்றனர். இதில் விடை சொல்பவரைவிடக் கேள்வி தயாரிப்பவர்களுக்கே பயிற்சி அதிகம். ஆணையில் கையொப்பமிடப் போகும் அதிகாரி இரு வரிசைகளுக்கு நடுவே நடந்து செல்ல, ஒரு வரிசை ‘இடு’ என்பதற்கும் மறு வரிசை ‘இடாதே’ என்பதற்கும் காரணங்களை அவர் காதில் சொல்வது மனச்சாட்சிப் பாதை. ஏற்கெனவே சொல்லப்பட்ட காரணத்தை யாரும் திருப்பிச் சொல்லக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தால், வரிசையின் கடைசியில் நிற்பவர் மிகவும் யோசிக்க வேண்டியவராகிறார்.

கற்பனைப் பயிற்சிக்குக் கட்டுப்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் (1906–1994) தம் அரங்க விளையாட்டுகளின் வழியாகக் காட்டினார். சிகாகோவில் குடியேறியோர் வாழ்ந்த பகுதிகளின் சிறுவரோடு வேலை செய்தபோது உருவான அவ்விளையாட்டுகள் 1963-இல் நூலாக வெளிவந்தன. ஒவ்வொரு விளையாட்டிலும் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றே ஒன்று இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒருவரின் வயதைப் பேச்சின்றி உடலால் உணர்த்துவது அவற்றுள் ஒன்று. முதுமை என்றதும் எல்லா மாணவரும் முதலில் முதுகை வளைத்துக் கைத்தடியைப் பிடிப்பர். கூன், கைத்தடி, நடுக்கம் ஆகிய மூன்றும் இல்லாமல் 65 வயதைக் காட்டும்படி கேட்டால் வகுப்பில் ஒரு கணம் அமைதி நிலவும். அதன்பின் ஒருவர் வரும் பேருந்தின் பலகையைப் படிக்கக் கண்ணைச் சுருக்குவதையும், இன்னொருவர் பையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே கவனமாக இருப்பதையும் கண்டுபிடிப்பர். பழகிய வார்ப்பை விலக்கியதால் மாணவர் தம் வீட்டு முதியோரை நினைவில் உற்றுநோக்க நேர்கிறது. ‘உன் விருப்பம்போல் எதையாவது கற்பனை செய்’ என்று சொல்லிவிடுவது தாராளம் போலத் தோன்றினாலும், அதில் மாணவருக்குக் கிடைப்பது நேற்றுப் பார்த்த திரைப்படக் காட்சியின் நகலே.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931–2009) வகுத்த விவாத அரங்கு இன்னொரு திசையில் செல்கிறது. ஒருவர் ஒடுக்கப்பட்டுத் தோற்றுப்போகும் சிறு காட்சி ஒன்று முழுமையாக நடித்துக் காட்டப்படுகிறது. பின்பு அதே காட்சி மறுபடி தொடங்கும்; இம்முறை பார்த்துக்கொண்டிருப்பவருள் எவரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, தோற்றவரின் இடத்தில் தாம் புகுந்து வேறு வழியை முயன்று பார்க்கலாம். மற்ற பாத்திரங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பத்தாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தத் தந்தை முடிவெடுக்கும் காட்சி என்றால், அழுதல், எதிர்த்துப் பேசுதல், சித்தியைத் துணைக்கு அழைத்தல், வகுப்பாசிரியரை வீட்டுக்கு வரவழைத்தல், உதவித்தொகைக் கணக்கைக் காட்டுதல் என ஒவ்வொரு வழியும் ஒரு கருதுகோளாகச் சோதிக்கப்பட்டு, எது எங்கே முறிகிறது என்று எல்லோருக்கும் தெரியவருகிறது. மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கிவரும் ஜன சம்ஸ்கிருதி என்னும் அமைப்பு இம்முறையைக் கிராமங்களில் தொடர்ந்து பயன்படுத்தி வந்துள்ளது.

இவற்றின் பயன் பற்றிய ஆய்வுச் சான்றுகளை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வகுப்பறை நாடகம் குறித்த 80 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து ஆன் பொட்லோஸ்னி 2000-இல் வெளியிட்ட கட்டுரை, நாடகத்துக்கும் மொழித்திறனுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதாகவும், நடித்த கதையில் மட்டுமன்றி நடிக்காத புதிய பனுவலைப் புரிந்துகொள்வதிலும் அப்பயன் ஓரளவு தொடர்வதாகவும் காட்டியது. 2008 முதல் 2010 வரை 12 நாடுகளில், 13 முதல் 16 வயதுக்குட்பட்ட 4,475 மாணவரிடம் நடந்த டைஸ் ஆய்வும் நாடகக் கல்வி பெற்றோரின் தொடர்பாற்றலிலும் பிறரோடு இயைந்து செயல்படும் திறனிலும் சாதகமான வேறுபாட்டைக் கண்டது. தாலியா கோல்ட்ஸ்டைனும் எலன் வின்னரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, நடிப்புப் பயிற்சி பெற்ற வளரிளம் பருவத்தினரிடம் பிறர் நிலையுணரும் பண்பு வளர்வதைச் சுட்டியது. இச்சான்றுகள் பெரும்பாலும் மொழியையும் பிறர் மனத்தை அறிவதையும் சுற்றியவை. நாடகம் நடித்தால் கணித மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் வாக்களிக்க இவை இடம் தருவதில்லை, அப்படி வாக்களிக்க வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ்ச் சூழலில் இத்துறைக்கு வேரில்லை என்று சொல்ல முடியாது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடமாகவும் பொதுத் தேர்வுக்குரிய பாடமாகவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் அவர் பள்ளி மாணவருக்கென எழுதிய நாடகங்களும் களப்பயிற்சிகளும், அங்குள்ள ஆசிரியர் பலரிடம் அரங்க விளையாட்டு என்ற சொல்லையே வகுப்பறைச் சொல்லாக்கின. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, நாடகத்தைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக்கும்படி பரிந்துரைத்தது. எனினும் தமிழ்நாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் இதை முயல விரும்பினால், 45 நிமிடப் பாடவேளை, நெருக்கமான பெஞ்சுகள், முடிக்க வேண்டிய பாடப்பகுதி, சத்தம் கேட்டு எட்டிப்பார்க்கும் பக்கத்து வகுப்பு ஆகியவற்றுக்கிடையே தாமே வழி காண வேண்டியவராகவே இருக்கிறார்.

இட நெருக்கடியைவிடக் கடுமையான சிக்கல் வேறொன்று இருக்கிறது. பாத்திரங்களை யாருக்குப் பிரித்துத் தருவது என்பதில் ஆசிரியரின் கவனம் தவறினால், ஊரில் நிலவும் ஏற்றத்தாழ்வு அப்படியே வகுப்பறைக்குள் வந்து அமர்ந்துவிடும். நன்றாகப் பேசும், நல்ல உடை உடுத்தும் மாணவர் ஆட்சியராகவும், கடைசி பெஞ்சில் இருப்பவர் திருடனாகவும், மாணவி எப்போதும் தாயாகவும் ஆக்கப்படுவதை ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துகொள்ளலாம். மேட்டூர்ப் பாடத்தில் உழுபவரின் பாத்திரத்தை ஆசிரியரே ஏற்றுக்கொண்டு, கூலிப் பெண்களைப் பற்றிய கேள்வியையும் தாமே எழுப்பி, மாணவர் அனைவரையும் கணக்கெடுக்கும் அதிகாரம் உடையவர்களாக வைப்பது இக்காரணத்தாலும் சரியானது: எந்த மாணவரும் தம் வீட்டு இழிவை வகுப்பின் முன் நடித்துக்காட்டும் நிலைக்குத் தள்ளப்படுவதில்லை. இழிசொல்லோடு தொடர்புடைய பாத்திரத்தை ஒரு மாணவருக்குத் தருவது, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், கொடுமையே. அந்தப் பெயர் பாடவேளை முடிந்தபின் விளையாட்டுத் திடலிலும் அவரைத் தொடரும். பாத்திரத்திலிருந்து வெளியேறும் வழக்கத்தையும் விட்டுவிடக்கூடாது. துண்டை மடித்து வைப்பது, நாற்காலியைத் திருப்பிப் போடுவது, தம் சொந்தப் பெயரை உரக்கச் சொல்வது போன்ற சிறு செயல் ஒன்று, இதுவரை பேசியது பாத்திரமே என்று எல்லோருக்கும் உணர்த்திவிடும்.

மதிப்பிடுவது எப்படி என்ற கேள்வி தலைமையாசிரியரிடமிருந்து உறுதியாக வரும். நடிப்புக்கு மதிப்பெண் இடத் தொடங்கினால், இயல்பிலேயே கலகலப்பானவர் முன்னேறி மற்றவர் ஒதுங்குவர்; அதனால் நடிப்பை மதிப்பிடாமல் விடுவதே முறை. மேட்டூர்ப் பாடத்துக்கு முந்தைய நாள், ‘அணைக்காக ஊரை எடுத்துக்கொள்ளும் அரசு யாருக்கெல்லாம் ஈடு தர வேண்டும், ஏன்?’ என்ற கேள்விக்கு அரைப்பக்கம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, பாடம் முடிந்த இரண்டு நாள் கழித்து அதே கேள்விக்கு மறுபடியும் எழுதச் சொன்னால் போதும். இரு தாள்களையும் அருகருகே வைத்து, ‘ஆனால்’, ‘ஒருவேளை’, ‘அப்படியானால்’ போன்ற சொற்கள் இரண்டாம் தாளில் எங்கே புதிதாக நுழைந்திருக்கின்றன, அவற்றின் பின்னே காரணம் வருகிறதா, முதல் தாளில் இல்லாத மனிதர் எவரேனும் இரண்டாவதில் இடம்பெற்றிருக்கிறாரா என்று ஆசிரியர் பார்க்கலாம். மாணவர் திருத்தி அமைத்த கணக்கெடுப்புப் படிவத்தையும் அத்தாள்களோடு இணைத்துக் கோப்பில் வைத்துவிட்டால், தலைமையாசிரியரிடம் காட்ட அதுவே போதுமானது.